யாரிடம், எதற்காக, எவ்வளவு: லேக் மார்க்கெட்டில் ஆட்டிசத்தைச் சொல்லுதல்

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் அமைந்துவிடுகிற, வாழ்நாள் முழுவதும் தொடர்கிற ஒரு வேறுபாடு. பிறருடன் பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் புலன்கள் ஏற்கும் முறையிலும், சில ஒழுங்குகளையும் ஈடுபாடுகளையும் விடாமல் பற்றிக்கொள்வதிலும் அது வெளிப்படுகிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அதுவரை ஆஸ்பெர்கர் என்ற பெயரில் தனியாக வழங்கிவந்த வகையையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது. ஆகவே வாய்விட்டு ஒரு சொல்லும் பேசாதவரும், வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெறுகிறவரும் இன்று ஒரே பெயருக்குள் அடங்குகின்றனர். முன்னவருடைய நிலை சற்று நேரம் உடனிருந்தாலே பிறருக்குப் புலப்பட்டுவிடும். பின்னவருடையது அவராகச் சொன்னாலொழியப் பெரும்பாலும் தெரியவராது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னபின் அந்தச் செய்தி எங்கெல்லாம் போகும் என்பவை குறித்து மேலைநாடுகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆய்வுகள் குவிந்துவருகின்றன. அவை பெரும்பாலும் தனிமனிதர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே முடிவெடுப்பதாகக் கொண்டு தொடங்குகின்றன. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே முடிவெடுப்பது குடும்பம், அதுவும் பெரும்பாலும் சம்பந்தப்பட்டவருக்கே தம் நிலை தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

இந்த வேறுபாட்டை ஆராய்வதற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பொருத்தமான இடம். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி, ரவீந்திர சரோவர் ஏரிக்கு வடக்கே அமைந்துள்ள இப்பகுதியில் வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வேலை பார்க்க வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் கடந்த நூற்றாண்டில் குடியேறின. வாழையிலையும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் மல்லிகைச் சரமும் காப்பித் தூளும் இன்றும் அங்கே கிடைக்கின்றன. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது கூடுகிறது. கோயில், சபா, சங்கம், காய்கறிக் கடை என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தான். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் மாநகரத்தின் நடுவில், செய்தி பரவும் வேகத்தில் கும்பகோணத்து அக்கிரகாரத் தெரு ஒன்றுக்கு இணையான வட்டம் அது. இந்த வட்டத்துக்கு வெளியே வங்காளிகளின் 'பாடா' என்னும் அக்கம்பக்கம், அதற்கும் வெளியே பள்ளியும் அலுவலகமும். ஒன்றில் சொன்னது மற்றொன்றுக்குப் போகாது என்று எவரும் உறுதி கூற இயலாது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் வெளியான 'ஸ்டிக்மா' என்ற நூலில் களங்கம் சுமத்தப்படுகிறவர்களை இரு வகையாகப் பிரித்தார். வேறுபாடு வெளிப்படையாகத் தெரிபவர்கள் முதல் வகையினர். அவர்களுடைய சிக்கல், எதிரில் இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிப்பது. வேறுபாடு இன்னும் தெரியாமல், தெரிந்துவிட்டால் மதிப்பிழக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் இரண்டாம் வகையினர். அவர்களுடைய சிக்கல் செய்தியை ஆள்வது, அதாவது யாருக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது. களங்கப்பட்டவரோடு தொடர்புடையவர் என்பதாலேயே குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் களங்கத்தையும் காஃப்மன் தனியே பேசினார். ஒரு பிள்ளையின் ஆட்டிசத்தை மறைக்கத் தமிழ்க் குடும்பங்கள் சொல்லும் காரணங்களில் அந்தப் பிள்ளையின் நலனைவிட அவனுடைய அக்காவின் திருமணமே முன்னே நிற்பதை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வருவதற்கு முன் 'அந்தக் குடும்பத்தில் ஏதாவது உண்டா' என்று லேக் மார்க்கெட்டில் விசாரிக்கப்படும். விசாரிக்கப்படுகிறவர் பல சமயம் நல்லெண்ணம் கொண்டவர்தான். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்பதும், அது ஒரே ஒரு மரபணுவால் நேர்வதன்று என்பதும் நிறுவப்பட்டவை. அக்கேள்விக்கு இவ்வளவு நீண்ட விடை யாருக்கும் வேண்டியதில்லை. உண்டா, இல்லையா என்பதே அங்கே கேட்கப்படுகிறது.

மறைப்பதற்கு வேண்டிய சொற்களைக் குடும்பங்கள் தேடிப்போக வேண்டியதும் இல்லை. 'கூச்ச சுபாவம்', 'அவன் அப்பாவும் நாலு வயசில்தான் பேசினார்', 'ரொம்பப் புத்திசாலி, அதான் யாரோடும் ஒட்டமாட்டான்' என்பவை எந்த ஊரிலும் கேட்கக்கூடியவை. கொல்கத்தாத் தமிழ்க் குடும்பத்துக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு: வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், வேலைக்கு வரும் அம்மாவோடு இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கிடையே குழந்தை குழம்பிப்போய்ப் பேசாமல் இருக்கிறது என்ற விளக்கம். குழந்தை மருத்துவர்கள் சிலரும் இதைச் சொல்லி, ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை தருவதுண்டு. விடப்படும் மொழி பெரும்பாலும் தமிழாகவே இருக்கும். ஆனால் மான்ட்ரியலில் ஹேம்ப்ளியும் ஃபோம்போனும் 2012-இல் வெளியிட்டதும் அதைத் தொடர்ந்து வந்தவையுமான ஆய்வுகள், இரண்டு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள் ஒருமொழிச் சூழலில் வளர்கிறவர்களைவிட மொழித்திறனில் பின்தங்குவதாகக் காணவில்லை. பன்மொழிச் சாக்கு இரண்டு மூன்று ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. பிறரிடம் சொல்வதா என்ற கேள்விக்கு முன்னால், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதா என்ற கேள்வியிலேயே குடும்பம் நின்றுவிடுகிறது.

இதே நகரில் நடந்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அலோகானந்தா ருத்ரா, பீஷ்மதேவ் சக்ரவர்த்தி முதலியோர் கொல்கத்தாவின் மூன்று மண்டலங்களில் உள்ள பள்ளிகளில் 3 முதல் 8 வயது வரையிலான 11,849 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஆட்டிசம் எவ்வளவு பரவலாக உள்ளது என்று மதிப்பிட்டு 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். படிப்படியாகச் சலித்து, கடைசியில் நேரடிக் கூர்நோக்கு மூலம் உறுதிசெய்த அளவு 0.23 விழுக்காடு, மேலைநாட்டு மதிப்பீடுகளோடு ஒப்பிட மிகவும் குறைவு. ஆய்வின் முதல் படியிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஆசிரியர்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் படிவத்தை நிரப்பித் தந்தார்கள். பெற்றோரிடமிருந்து திரும்பி வந்தவை 5,947 மட்டுமே, அதாவது ஏறக்குறையப் பாதி. படிவம் வராததற்கு நேரமின்மை, எழுத்தறிவு, அலட்சியம் என்று பல காரணங்கள் இருக்கலாம். தயக்கமும் அவற்றுள் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. அந்த ஆய்வாளர் குழு தன் ஆய்வுக் கருவிகளை மொழிபெயர்த்துச் சோதித்தது இந்தியிலும் வங்காளத்திலும். லேக் மார்க்கெட்டின் தமிழ்ப் பாட்டி தன் பேரனைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடிய மொழி அந்தப் பட்டியலில் இல்லை.

மறைத்தல் எங்கே உடைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் விழாக்காலத்தில்தான். கொல்கத்தாத் தமிழர்களுக்கு நவராத்திரிக் கொலுவும் துர்கா பூஜையும் ஒரே வாரத்தில் வருகின்றன. மாலையில் வீடு வீடாகச் சுண்டலும் வெற்றிலைபாக்கும், இரவில் தெருவெங்கும் டாக் என்னும் பெருமுரசும் விளக்குத் தோரணமும் மக்கள் வெள்ளமும். லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள தேசப்பிரிய பூங்காவில் 2015-இல் 88 அடி உயரத் துர்க்கை நிறுத்தப்பட்டபோது நெரிசல் கட்டுக்கடங்காமல் போய்க் காவல்துறை தரிசனத்தையே நிறுத்தியது. சாதாரணப் புலனுணர்வு உள்ளவர்களையே திணறடித்த அந்தச் சூழலை, ஒலியைக் குறைத்துக் கேட்க மூளை இடங்கொடுக்காத ஒருவர் ஐந்து நாள் தொடர்ந்து எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பந்தலுக்கு வரமாட்டேன் என்று இருபது வயது இளைஞர் சொன்னால் வங்காளி நண்பர்கள் ஒருமுறை விட்டுவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு காரணம் கேட்பார்கள். கொலு வீட்டிலோ காரணம் கேட்பதற்கும் முன்பே 'ஒரு பாட்டுப் பாடேன்' வந்துவிடும். பாட மறுத்து, நேராகப் படிகளுக்குப் போய், செட்டியார் பொம்மையையும் தசாவதாரத்தையும் உயர வரிசையில் மாற்றி வைக்கத் தொடங்கும் சிறுவனைப் பார்த்து அறையில் விழும் அமைதிக்கு அவனுடைய தாய் ஏதோ ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். அங்கே ஆட்டிசம் என்ற பெயர் கட்டாயமில்லை. 'சத்தம் அதிகமானால் அவனுக்குத் தாங்காது, நாங்கள் நாலு மணிக்கே வந்து போகிறோம்' என்ற ஒரு வாக்கியம் அந்த வீட்டின் ஒத்துழைப்பைப் பெறப் போதும். பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்லும் இந்த வழியைப் பகுதி வெளிப்படுத்தல் எனலாம். கொலுவிலும் பந்தலிலும் இதுவே பெரும்பாலான சமயங்களில் நியாயமான அளவு என்று தோன்றுகிறது.

ஆனால் சட்டம் தேவையைக் கேட்பதில்லை. பெயரையும் அதற்கொரு எண்ணையும் கேட்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தான் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அடிப்படையாக இருப்பது 'ஐசா' என்று சுருக்கி வழங்கும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் தொடர்பும், நடத்தை முறைகள், புலனுணர்வு, அறிதிறன் என்ற ஆறு தலைப்புகளில் 40 கூறுகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்பதைப் பொறுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் பெறும்; கூட்டுத்தொகை 40-க்கும் 200-க்கும் இடையே அமையும்; 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை எனக் கொள்ளப்படும். கண்ணுக்குக் கண் பார்க்கிறாரா, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்று வெளியிலிருந்து காணத்தக்கவற்றைக் கணக்கிடும் இக்கருவி, முப்பது ஆண்டுகள் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்ட ஒருவரிடம் என்ன காணும் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியதே. வெளியே தெரியாமல் இருக்க உழைத்தவருக்கு, அந்த உழைப்பின் பயனாகவே சான்றிதழ் மறுக்கப்படக்கூடும்.

சான்றிதழ் கிடைத்தபின் அது எங்கெல்லாம் பயணம் செய்கிறது என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டி யோசிப்பதில்லை. சிபிஎஸ்இ பள்ளியில் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுதுபவரை வைத்துக்கொள்ளும் அனுமதியும் உண்டு. கொல்கத்தாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மொழிச் சுமையிலிருந்து கிடைக்கும் விடுதலை சிறிதன்று. அதைப் பெற முதல்வர், வகுப்பாசிரியர், தேர்வுப் பிரிவு என்று மூன்று மேசைகளையாவது தாள் கடக்க வேண்டும். மூன்றில் ஒன்றில் கொலு வீட்டுக்கு வருகிறவர் உட்கார்ந்திருக்கலாம். தந்தைக்கு வேறொரு வாசல் திறக்கிறது. வருமான வரிச் சட்டத்தின்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பராமரிப்பவர் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதற்கு மருத்துவச் சான்றுப் படிவம் ஒன்று வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கென்றே ஏற்பட்ட படிவம் அது. சம்பளத்திலேயே வரிக்குறைப்பு வேண்டுமென்றால் அலுவலகச் சம்பளப் பிரிவில் அறிவிக்க வேண்டும். மைத்துனரிடமும் சொல்லாத செய்தியைப் பிப்ரவரி மாதத்தில் கணக்குப் பிரிவு எழுத்தரிடம் ஒப்படைக்கிற தந்தை, தாம் வரியைப் பற்றி முடிவெடுத்ததாகவே எண்ணியிருப்பார்.

வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசத்தவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சீரற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அரசு வேலைகளில் வைத்துள்ள 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு பல்வகைக் குறைபாடும் பகிர்ந்துகொள்கின்றன. 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுத்து, நியாயமான வசதி, அதாவது மிகையான சுமையின்றி ஒருவருக்கேற்பச் செய்து தரத்தக்க மாற்றங்கள், தரவேண்டும் என்கிறது. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காட்டுப் பாதிப்பு வேண்டும் என்பதால் எல்லா உரிமைக்கும் அந்த அளவு வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. எழுதும்போது கை இறுகிப்போகும் தேர்வர் ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அதை மறுத்து, 40 விழுக்காட்டை எட்டாதவருக்கும் நியாயமான வசதி கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆட்டிசத்தைப் பற்றிய வழக்கன்று எனினும், வெளியே அதிகம் தெரியாத ஆட்டிசத்தவருக்கு இதுவரை கிடைத்தவற்றுள் பயன்மிக்க தீர்ப்பு இதுவே எனலாம். ஆயினும் கேட்டால்தான் வசதி, சொன்னால்தான் கேட்க முடியும் என்ற முடிச்சு அப்படியே இருக்கிறது.

சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குச் சோதனைச் சான்றுகள் சில உண்டு. அமெரிக்காவில் நோவா சாசனும் கெரியான் மாரிசனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பேசும் சிறு காணொளிகளைப் பார்த்த மாணவர்கள், அவர்கள் ஆட்டிசத்தவர் என்று தெரிவிக்கப்பட்டபோது தெரிவிக்கப்படாதபோதைவிடச் சாதகமாக மதிப்பிட்டனர். ஆட்டிசத்தைப் பற்றி அதிகம் அறிந்திருந்தவர்களிடம் இந்த முன்னேற்றம் தெளிவாக இருந்தது. பட்லரும் கில்லிஸும் 2011-இல் கண்டதும் இதற்கு இசைவானது: மக்களை விலகச் செய்வது பெயரைவிட நடத்தையே. பெயர் தெரியாதபோது பார்ப்பவர் விளக்கமில்லாமல் இருப்பதில்லை. திமிர், மரியாதையின்மை, வளர்ப்புச் சரியில்லை என்று தாமே ஒன்றை வைத்துக்கொள்கிறார். ஆயினும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் அமெரிக்க மாணவரிடம் கிடைத்த முடிவை, நாற்பது ஆண்டுகள் ஒரே கோயிலில் சந்தித்துக்கொள்ளும் மனிதர்களுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். முதல் எண்ணம் மேம்படுவது ஒன்று. அந்தத் தகவல் பத்தாண்டு கழித்துப் பெண் பார்க்கும் பேச்சில் எழுவது வேறொன்று.

மறைப்பதற்கும் விலை உண்டு. ஆட்டிசத்தவர் பிறரைப் போலத் தோன்றுவதற்காகச் சொற்களை முன்கூட்டி ஒத்திகை பார்ப்பதும், கையசைவுகளை அடக்குவதும், பிறர் முகபாவத்தைப் பார்த்துச் செய்வதும் உருமறைப்பு எனப்படும். லாரா ஹல் முதலியோர் 2019-இல் இதை அளக்க 25 வினாக்கள் கொண்ட கருவியை உருவாக்கினர். சாரா காசிடி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, உருமறைப்பு தற்கொலை எண்ணங்களோடு தொடர்புடையது என்று கண்டது. 'நாலு பேர் முன்னால் ஒழுங்காக இரு' என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெண்கள் உருமறைப்பில் தேர்ச்சி பெற்றுவிடுவதில் வியப்பில்லை. அடக்கம் என்று பாராட்டப்படுவதால் அவர்களுடைய களைப்பு எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

இவ்வளவிலும் முதலில் தீர்க்கப்பட வேண்டிய ஒன்று பெரும்பாலான குடும்பங்களில் கடைசிக்குத் தள்ளப்படுகிறது: சம்பந்தப்பட்ட பிள்ளையிடமே சொல்வது. ஆட்டிசம் உள்ள பல்கலைக்கழக மாணவர்கள் 78 பேரைக் கொண்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இளவயதிலேயே தம் நிலையை அறிந்தவர்கள் வளர்ந்தபின் கூடுதல் நலனோடு இருப்பதாகக் கூறியதைப் பதிவு செய்தது. எண்ணிக்கை சிறியது; அறுதியாக நிறுவியதாகக் கொள்ள முடியாது. எனினும் வாதம் புள்ளிவிவரத்தை மட்டும் சார்ந்ததன்று. பெரியப்பா, பள்ளி முதல்வர், சம்பளப் பிரிவு, கோயில் குருக்கள் ஆகிய நால்வரும் அறிந்த ஒன்றைப் பதினான்கு வயதுப் பெண் தன்னைப் பற்றி அறியாமல் இருந்தால், அவள் வளர்ந்தபின் யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சியிராது. பெற்றோர் பிறருக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மகளுக்குரிய முடிவு ஒன்றை முன்கூட்டிச் செலவழிக்கிறார்கள். சிகிச்சைக்கும் படிப்புக்கும் அச்செலவு தவிர்க்க முடியாதது; உறவினரின் ஆர்வத்துக்கும் அனுதாபத்துக்கும் அது தேவையில்லை.

பேசாத ஆட்டிசத்தவருக்கு இவை எதுவும் பொருந்தாது என்ற எண்ணம் உண்டு. மறைக்க முடியாதவருக்குச் சொல்வதா என்ற கேள்வியே எழவில்லை என்பது அதன் அடிப்படை. பெயர் அளவில் அது சரி. விவரங்களில் அப்படியில்லை. மேற்கு வங்க ஆட்டிசச் சங்கம் போன்ற அமைப்புகளின் உதவியோடு பெற்றோர் ஒன்றுகூடும் இடங்களிலும், லேக் மார்க்கெட்டின் காய்கறிக் கடை வாசலிலும், மகன் அருகில் நிற்க, அவன் இரவில் உறங்காததும் உடையைக் கழற்றிவிடுவதும் மலச்சிக்கலும் மூன்றாம் மனிதரிடம் விரிவாகச் சொல்லப்படுகின்றன. மறுமொழி சொல்லாததால் அவன் கேட்கவில்லை என்று கொள்ளப்படுகிறது. தனிமையை மதிக்கக் கோரும் ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, பேசத் தெரிந்தவருக்கு மட்டும் அவ்வுரிமையைத் தரவில்லை. இந்தியா 2007-இலேயே அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. படம் காட்டியோ பலகையில் எழுத்தைத் தொட்டோ கையை விலக்கியோ தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஒருவரிடம், இதை இவரிடம் சொல்லட்டுமா என்று கேட்பதற்குச் சான்றிதழோ மதிப்பெண்ணோ தேவைப்படுவதில்லை. கேட்டபின் விடைக்காகச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.